கரண்டு போன பிறகு என்ன மிஞ்சும்

ஈப்போவில் கணினி பழுது பார்க்கிறவனுக்கு ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் வேலை கூடும். பருவக்காற்று திசை மாறும் காலம் அது. பிற்பகலில் கிளேடாங் மலைப்பக்கம் வானம் கறுத்தால் மாலைக்குள் இடி நிச்சயம். உலகிலேயே இடி மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போதே சிபியுவை அணைத்துப் பிடித்தபடி யாராவது நிற்பார்கள். பவர் சப்ளை எரிந்திருந்தால் மாற்றிக் கொடுத்துவிடலாம். மதர்போர்டு போயிருந்தால் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். டிஸ்கில் இருந்தது கலைந்துபோயிருந்தால்தான் வந்தவர் முகம் மாறும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட், டெபியன், உபுண்டு போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களில் கொஞ்சம் விஷயம் தெரிந்த இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி: “அண்ணே, எந்த ஃபைல் சிஸ்டம் போடலாம்?” இணையத்தில் வேக ஒப்பீட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். வீட்டுக் கணினியில் அந்த வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் என்ன மிஞ்சும்? மிஞ்சியதை எடுத்துக் கொடுக்க இந்த ஊரில் யாரால் முடியும்?

இந்தக் கேள்விகள் பேராக்கில் ஏன் கனமானவை என்பதையும் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் டிஸ்குகளில் பாதி முன்னாள் தோட்டத்து மக்களுடையவை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்களைத் துண்டுதுண்டாகப் பிரித்து விற்கும் தோட்டத் துண்டாடல் நடந்தது. சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதைத் தடுக்கத்தான். அதையும் தாண்டி ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு தாமான்கள் வந்தன. லயத்து வீடுகள் இடிந்தன. செம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கமிருந்த குடும்பங்கள் புந்தோங்கிலும் புறநகர்த் தாமான்களிலும் குடியேறின. அவர்கள் கையோடு கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி. அதில் கோயில் திருவிழாப் படம், தோட்டப் பள்ளி வகுப்புப் படம், கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை. கரையானும் பூஞ்சையும் தின்றது போக மிச்சத்தைப் பேரப்பிள்ளைகள் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினார்கள். காகிதம் உதிர்ந்துவிட்டது. அந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த டிஸ்கில் இருப்பதுதான் இப்போது மூலம். ஒரு கோப்பு முறைமையைப் பற்றி இவ்வளவு அக்கறைப்பட எனக்கு இது போதும்.

கோப்பு முறைமை என்பது எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு. படம் டிஸ்கின் சில கட்டங்களில் கிடக்கும். அதன் பெயர் இன்னோர் இடத்தில் இருக்கும். எந்தெந்தக் கட்டங்கள் அதற்குரியவை என்ற பட்டியல் வேறோர் இடத்தில். எந்தக் கட்டங்கள் காலி என்ற வரைபடம் மற்றோர் இடத்தில். ஒரு படத்தைச் சேமித்தால் இத்தனையும் மாற வேண்டும். பாதியில் கரண்டு போனால் ஒன்று மாறி ஒன்று மாறாமல் நிற்கும். காலி என்று குறித்த கட்டத்தில் ஒருவருடைய படம் இருக்கும். அடுத்து எழுதும் கோப்பு அதன் மேலேயே ஏறிவிடும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி ஆட்களைப் பேர் கூப்பிட்டுக் கையில் இருக்கும் சின்னச் செக்ரோலில் குறித்துக்கொள்வார். பிறகு ஆபீசுக்குப் போய்ப் பெரிய செக்ரோலில் ஏற்றுவார். ஏற்றும்போது நடுவில் எழுந்து போக நேர்ந்தாலும், திரும்பி வந்து கையேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து எழுதலாம். யார் கூலியும் விட்டுப்போகாது. கோப்பு முறைமையில் அந்தக் கையேட்டுக்குப் பெயர் ஜர்னல். செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜர்னலில் எழுதி முடித்துவிட்டு, அப்புறம்தான் கணக்கில் கைவைக்கும். கரண்டு போய்த் திரும்ப வந்தால், ஜர்னலைப் பார்த்துச் சில நொடிகளில் கணக்கைச் சரிசெய்துகொள்ளும்.

1993-இல் வந்த எக்ஸ்ட்2 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையில் ஜர்னல் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் ரெட் ஹாட் சிடியை வைத்து லினக்ஸ் கற்றுக்கொண்ட எங்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். கரண்டு போய் வந்தால் டிஸ்க் முழுவதன் கணக்கையும் எஃப்எஸ்சிகே என்ற நிரல் சோதிக்கும். திரையில் விழுக்காடு ஊர்ந்து ஏறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். நடுவில் நின்று “கையால் ஓட்டு” என்று கேட்டால் வயிறு கலங்கும். ஸ்டீஃபன் ட்வீடி அதன் மேல் ஜர்னலைக் கட்டினார். அதுதான் எக்ஸ்ட்3. 2001 நவம்பரில் 2.4.15 கெர்னலில் அது சேர்ந்தது. அதே வழியில் தியடோர் ட்ஸோவும் மற்றவர்களும் வளர்த்த எக்ஸ்ட்4, 2008 டிசம்பரில் 2.6.28 கெர்னலோடு நிலையானது என்று அறிவிக்கப்பட்டது. இன்று டெபியன், லினக்ஸ் மின்ட், உபுண்டு மூன்றும் கேட்காமலேயே போட்டுக் கொடுப்பது அதைத்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வழக்கமான அமைப்பில் எக்ஸ்ட்4-இன் ஜர்னல் காப்பது கணக்கை மட்டும்தான், உள்ளடக்கத்தை அல்ல. “சேவ்” அழுத்தியதும் உங்கள் கடிதம் டிஸ்குக்குப் போய்விடுவதில்லை. மெமரியில் தங்கி, அரை நிமிடம் வரை கழித்துக்கூடப் போகும். 2009-இல் இது பெரிய சர்ச்சையானது. உபுண்டு 9.04-ஐச் சோதித்தவர்கள், கணினி முடங்கி எழுந்த பிறகு தங்கள் அமைப்புக் கோப்புகள் பூஜ்ய அளவாகக் கிடப்பதைக் கண்டார்கள். எஃப்சிங்க் என்ற அழைப்பைக் கொடுத்து “இப்போதே டிஸ்கில் எழுது” என்று சொல்வது செயலியின் பொறுப்பு என்றார் ட்ஸோ. அப்படிச் சொன்னதோடு நிற்காமல், பழைய கோப்பை மாற்றிப் புதியது வைக்கும் பொதுவான வழக்கங்களைக் கெர்னலே கண்டுகொண்டு உடனே எழுதும் திருத்தங்களையும் சேர்த்தார். 2.6.30-இல் அவை வந்தன. விதிப்படி அவர் சொன்னது சரி. பயனரின் கோப்பு விதியைவிடப் பெரியது என்று இறங்கி வந்ததும் சரி. ஒரு முறைமையை நம்பலாமா என்று பார்க்கும்போது, அதன் பின்னால் இருப்பவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் நான் பார்ப்பேன்.

எக்ஸ்ட்4-ஐ நான் ஏன் முதலில் சொல்கிறேன் என்பதற்கு ஒரு வேலையை விவரமாகச் சொல்கிறேன். சுங்கை சிப்புட்டிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார். தான் படித்த தோட்டப் பள்ளியின் படங்கள், பக்கத்துத் தோட்டங்களின் கோயில் நோட்டீசுகள், பழைய மாணவர்களிடம் இரவல் வாங்கிய ஆல்பங்கள் என ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் செய்து சேர்த்திருந்தார். மழை நாளில் இரண்டு மூன்று முறை கரண்டு விட்டு விட்டு வந்திருக்கிறது. அதன் பிறகு டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை.

“தம்பி, இரவல் வாங்கினதையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டேன். அதுல சில பேர் இப்ப இல்ல” என்றார்.

“சார், அதுக்கப்புறம் எத்தனை தடவை ஆன் பண்ணிப் பாத்தீங்க?”

“பயந்துட்டுத் தொடவே இல்ல.”

அந்தப் பயம்தான் அவருடைய படங்களைக் காப்பாற்றியது. பழுதான டிஸ்கைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் இருப்பதும் போகும். டிஸ்கைக் கழற்றி, லைவ் யுஎஸ்பியில் ஏறிய இன்னொரு கணினியில் மாட்டி, முதலில் டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். 197 என்ற எண்ணுள்ள வரியில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லை. அப்படியானால் மூல டிஸ்கில் எந்தப் பழுதுநீக்கமும் செய்யக்கூடாது. யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸில் அதே கொள்ளளவுக்கு ஒரு புது டிஸ்க் வாங்கிவரச் சொன்னேன். டிடிரெஸ்க்யூவைக் கொண்டு அதில் அப்படியே நகல் எடுத்தேன். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும் கருவி அது. எங்கெங்கே படித்தோம் என்று தனிக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்வதால், இடையில் நிறுத்தித் தொடரலாம். இரவெல்லாம் ஓடியது.

நகலில் எக்ஸ்ட்4-இன் சூப்பர்பிளாக், அதாவது முழுக் கணக்குக்கும் தலைப்பக்கம், கெட்டிருந்தது. இங்கேதான் இந்த முறைமையின் பெருமை. தலைப்பக்கத்தின் பிரதிகளை டிஸ்க் நெடுக, எல்லோருக்கும் தெரிந்த இடங்களில் அது வைத்திருக்கும். 4 கேபி பிளாக் அளவு என்றால் முதல் பிரதி 32768-ஆம் பிளாக்கில். அந்த எண்ணைக் கொடுத்து, முதலில் எதையும் மாற்றாத சோதனை ஓட்டம் ஓட்டினேன். பக்கம் பக்கமாகக் குறை சொல்லியது. குறைகளின் தன்மையைப் பார்த்து, கணக்கு முழுவதும் குலையவில்லை என்று தெரிந்த பிறகுதான் திருத்த விட்டேன்.

மவுண்ட் ஆனது. ஆனால் முதன்மைக் கோப்புறை காலி. படங்கள் எல்லாம் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ கோப்புறையில் குவிந்திருந்தன. பெயர்கள் போய்விட்டன. பெயருக்குப் பதில் ஹேஷ் (#) குறியும் ஓர் எண்ணும். அந்த எண் ஐநோடு எண், ஒவ்வொரு கோப்புக்கும் முறைமை கொடுக்கும் உள் எண். ஒரே கோப்புறையில் அடுத்தடுத்துச் சேமித்த கோப்புகளுக்கு எக்ஸ்ட்4 பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களையே கொடுக்கும். ஆகவே எண் வரிசையில் அடுக்கினேன். ஆசிரியர் தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். எந்த ஆல்பத்தை எந்த வரிசையில் ஸ்கேன் செய்தார் என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். திரையில் படம், கையில் குறிப்பேடு. “இது ஆறாம் வகுப்பு, அடுத்தது காவடி, அதுக்கடுத்தது பால் கொட்டாய்” என்று அவர் சொல்லச் சொல்ல, அதே வரிசையில் படங்கள் வந்தன. கெட்ட செக்டரில் மாட்டிய சில போயின. மற்றதெல்லாம் பெயரோடு திரும்பியது.

இதைச் செய்ய நான் மேதையாக இருக்கத் தேவையில்லை. எக்ஸ்ட்4-இன் அமைப்பு எளியது, நிலையானது, முப்பது ஆண்டுப் பழக்கம் அதற்கு உண்டு. தைப்பிங்கிலோ தெலுக் இந்தானிலோ இருக்கும் ஒரு சாதாரணப் பழுதுபார்ப்பவரும் செய்யலாம். நம்பகம் என்று நான் சொல்வது இதைத்தான். கெடவே கெடாத முறைமை எதுவும் இல்லை.

ஆனால் எக்ஸ்ட்4-க்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. 2016-க்குப் பிந்தைய கருவிகளால் உருவாக்கும் எக்ஸ்ட்4, தன் கணக்குகளுக்குச் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைத்துக்கொள்கிறது. உங்கள் படத்துக்கு வைப்பதில்லை. டிஸ்கில் ஒரு பிட் புரண்டு, டிஸ்கும் அதைக் கண்டுபிடிக்காமல் கொடுத்தால், எக்ஸ்ட்4 அதை அப்படியே வாங்கி உங்களிடம் தரும். பத்து காஜாவிலிருந்து ஓர் அம்மா தன் பெற்றோரின் திருமணப் படத்தைத் திறந்து காட்டினார். மேல்பாதியில் மணப்பந்தலும் முகங்களும் தெளிவாக இருந்தன. கீழ்ப்பாதி முழுதும் சாம்பல் நிறம். பேக்கப் இருக்கிறதா என்றேன். இருந்தது. அதிலும் அதே சாம்பல். எப்போதோ கெட்ட கோப்பை, கெட்டது தெரியாமலே பேக்கப் நிரல் மாதாமாதம் எடுத்துக்கொண்டிருந்தது. எந்த மாதம் கெட்டது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. அந்தப் படத்தை மீட்க என்னால் முடியவில்லை.

இதற்கு மருந்து பட்டர்எஃப்எஸ். ஆரக்கிளில் இருந்தபோது கிறிஸ் மேசன் 2007-இல் தொடங்கியது. 2009 மார்ச்சில் 2.6.29 கெர்னலில் சேர்ந்தது. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் போட்டு வைத்து, படிக்கும்போதெல்லாம் ஒப்பிடும். பொருந்தாவிட்டால் கெட்டதைக் கொடுக்காமல் பிழை என்று மறுத்துவிடும். ஸ்கிரப் என்ற கட்டளையை மாதம் ஒருமுறை ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்த்து, எந்தக் கோப்பு கெட்டது என்று பெயர் சொல்லிக் காட்டும். இரண்டு டிஸ்குகளை ஒன்றுக்கொன்று நகலாக, அதாவது ரெய்டு 1-ஆக வைத்திருந்தால் நல்ல பிரதியிலிருந்து கெட்டதைத் தானே திருத்திவிடும். ஒரே டிஸ்க் என்றால் கண்டுபிடிக்கும், படத்தைத் திருத்த முடியாது. ஆனாலும் கண்டுபிடிப்பதே பெரிது. நல்ல பேக்கப் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும் அல்லவா!

ஒரு கோயில் நிர்வாகத்தின் கணினியில் பட்டர்எஃப்எஸ் வேறொரு உதவியும் செய்தது. ஸ்கிரப் ஓட்டினால் பிழை காட்டியது. ஆனால் ஒருமுறை இந்தக் கோப்பு, மறுமுறை வேறு கோப்பு. முதலில் கெட்டது என்று சொன்னதைத் திறந்தால் நன்றாகத் திறந்தது. டிஸ்க் கெட்டிருந்தால் பிழை இடம் மாறாது. மெம்டெஸ்டை ஓட்டினேன், ஒரு ரேம் துண்டு கெட்டிருந்தது. எக்ஸ்ட்4-ஆக இருந்தால் அந்த ரேம் வழியாகப் போன நன்கொடைக் கணக்குகள் சத்தமில்லாமல் சிதைந்துகொண்டே இருந்திருக்கும்.

அப்படியானால் எல்லாருக்கும் பட்டர்எஃப்எஸ்ஸே போடலாமே என்று கேட்கலாம். சூசே தன் நிறுவனப் பதிப்பில் 2014 முதல் இயங்குதளப் பிரிவுக்கு அதையே வழக்கமாக வைத்திருக்கிறது. ஃபெடோரா 33, 2020 அக்டோபரில் மேசைக் கணினிகளுக்கு அதையே வழக்கமாக்கியது. ரெட் ஹாட் மட்டும் தன் நிறுவனப் பதிப்பின் 8-ஆம் வெளியீட்டில் அதை அகற்றியது. கெட்டிக்காரர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. என் தயக்கம் வேறு. பட்டர்எஃப்எஸ், “எழுதிவிட்டேன்” என்று டிஸ்க் சொன்னால் அந்தச் சொல்லை நம்பித்தான் மேலே போகும். மலிவான சில யுஎஸ்பி அடாப்டர்கள் அதில் பொய் சொல்லும். மின்னல் நாளில் அந்தப் பொய் வெளிப்பட்டால் அதன் கணக்கு மரம் வேரோடு சாயும், மவுண்ட் ஆகாது. ரெஸ்டோர் கட்டளையால் கோப்புகளை வேறு டிஸ்குக்கு எடுக்க முயலலாம். இருந்த இடத்திலேயே சரிசெய்யும் கட்டளையை, விவரம் தெரிந்தவர் சொல்லாமல் ஓட்டாதே என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அந்த விவரம் தெரிந்தவர் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கமாட்டார். ரெய்டு 5, ரெய்டு 6 பக்கம் போகவே வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்எஃப்எஸ் சிலிக்கான் கிராஃபிக்ஸ் தன் பெரிய இயந்திரங்களுக்காக உருவாக்கிய திடமான முறைமை. பிரிவைச் சுருக்க முடியாது என்பது வீட்டுக்காரர்களுக்கு இடைஞ்சல். சன் நிறுவனத்தில் பிறந்த இசட்எஃப்எஸ் செக்சம் விஷயத்தில் பட்டர்எஃப்எஸ்ஸுக்கு மூத்தது, நான் மிக மதிப்பது. ஆனால் உரிமச் சிக்கலால் கெர்னலுக்கு வெளியே இருக்கிறது. கெர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் அது கூடவே வந்ததா என்று பார்க்க வேண்டும். பராமரிக்கத் தெரிந்தவருக்கு அது சரி, தாத்தாவின் மடிக்கணினிக்குச் சரிவராது. ஒரு காலத்தில் எல்லோரும் புகழ்ந்த ரெய்சர்எஃப்எஸ் 2025 தொடக்கத்தில் 6.13 கெர்னலோடு நீக்கப்பட்டது. 2024 ஜனவரியில் 6.7-இல் சேர்ந்த பிகேஷ்எஃப்எஸ் இரண்டு ஆண்டு தாங்கவில்லை, 6.18-இல் வெளியேற்றப்பட்டது. அதன் குறியீடு நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். இருபது ஆண்டு வைத்திருக்க வேண்டிய படத்தை, அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத முறைமையில் வைக்கக்கூடாது.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது கிடைக்காது. எக்ஸ்ட்4, பட்டர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் எல்லாவற்றிலும் ஒரு கோப்புப் பெயரின் உச்சவரம்பு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் யூனிகோடு குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியே மூன்று. ‘தைப்பூசம்’ என்ற ஐந்தெழுத்துக்கே 27 பைட் ஆகிவிடும். ஆக மொத்தம் 85 குறிகள்தான் இடம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டில் எண்ணுவதில்லை, 255 குறி வரை இடம் கொடுக்கும். “எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதித் திருவிழாவில் பெரியப்பா குடும்பத்தோடு…” என்று அங்கே வாக்கியமாகப் பெயர் வைத்த படம், லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது “பெயர் நீளம்” என்று நின்றுவிடும். நகலெடுத்து முடிந்தது என்று நினைத்துப் பழையதை அழித்துவிடாதீர்கள். பிழைப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். இன்னொன்று: ‘தோ’வில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே வைக்கும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஒரே கோப்புறையில் ‘தோட்டம்’ என்று இரண்டு கோப்புகள் நின்றால், பேய் என்று பயப்பட வேண்டாம், திறந்து பார்க்காமல் ஒன்றை அழிக்கவும் வேண்டாம்.

நான் அமைத்துக் கொடுக்கும் விதம் இதுதான். இயங்குதளத்துக்கும் அன்றாட வேலைக்கும் எக்ஸ்ட்4. போனால் திரும்ப வராத படம், பத்திரம் எல்லாவற்றுக்கும் தனி டிஸ்க். அது கணினிக்கு உள்ளே நேராகச் சாட்டா கேபிளில் மாட்டியதாக இருந்தால் பட்டர்எஃப்எஸ். வசதி இருந்தால் இரண்டு டிஸ்க், ரெய்டு 1, மாதம் ஒரு ஸ்கிரப். யுஎஸ்பி பெட்டிதான் என்றால் எக்ஸ்ட்4, கூடவே கோப்புகளின் செக்சம் பட்டியல் ஒன்று. வெறும் சேமிப்புக்கான பெரிய எக்ஸ்ட்4 டிஸ்கில், நிர்வாகிக்கென்று ஒதுக்கும் 5 விழுக்காட்டைக் குறைத்துவிடுவேன். 2 டெராபைட் டிஸ்கில் அது ஏறக்குறைய 100 கிகாபைட், பொதுவாக யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். விண்டோஸோடு பகிர்ந்துகொள்ளும் யுஎஸ்பி டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் தவிர்க்க முடியாது. அதற்கு ஜர்னல் கிடையாது, ஆகவே “இஜெக்ட்” சொல்லாமல் பிடுங்கக்கூடாது. இரண்டு இயங்குதளமும் ஒரே கணினியில் இருந்தால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். அது பாதி உறங்கிய நிலையில் விட்டுவைக்கும் பிரிவில் லினக்ஸ் எழுத மறுக்கும், மறுப்பது நியாயம்தான். ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். கரண்டு போனதும் கணினி தானாக முறைப்படி அணைய அதன் யுஎஸ்பி கேபிளையும் மாட்டுங்கள். என்னிடம் வரும் யுபிஎஸ்களில் அந்தக் கேபிள் பெரும்பாலும் பெட்டியிலேயே சுருண்டு கிடக்கிறது.

இவ்வளவு செய்த பிறகும் பிரதி வேண்டும். 2023 டிசம்பரில், நான் இவ்வளவு புகழ்ந்த எக்ஸ்ட்4-இலேயே தரவைச் சிதைக்கும் ஒரு பிழை 6.1.64 கெர்னலில் நுழைந்து, டெபியன் 12.3-இன் வெளியீட்டையே நிறுத்த வேண்டி வந்தது. மறுநாளே திருத்தி 12.4 வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் இசட்எஃப்எஸ்ஸிலும் ஒரு சிதைவுப் பிழை பிடிபட்டது. கோப்புகளின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் பட்டர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நினைக்காதீர்கள். அது அதே டிஸ்கில் இருக்கிறது, டிஸ்கோடு சேர்ந்தே போகும்.

வீட்டில் தோட்டத்துப் படங்களோ, பெரியவர்களின் அடையாளப் பத்திரங்களோ ஒரே டிஸ்கில் இருந்தால், எந்த முறைமை என்று யோசிப்பதற்கு முன் இந்த வாரமே இன்னொரு டிஸ்க் வாங்கி நகலெடுங்கள். நகலெடுத்ததைத் திறந்து, சில படங்களையாவது கீழ்ப்பாதி வரை பாருங்கள். பிறகு அந்த டிஸ்கை உங்கள் வீட்டில் வைக்காதீர்கள். கிள்ளானிலோ பினாங்கிலோ இருக்கும் தங்கையிடமோ மாமாவிடமோ கொடுத்துவைத்து, தீபாவளிக்குப் போகும்போது ஒருமுறை வாங்கிப் புதுப்பித்துவிட்டு வாருங்கள்.